எட்டு வாரப் பொடி

அத்தியாயம் 14

மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற எட்டரை மணி பஸ்ஸில் குருவம்மாள் தன் மருமகளுக்கு இடம் பிடித்த அழகை அந்த பஸ்ஸில் வந்தவர்கள் சீக்கிரம் மறக்க மாட்டார்கள். ஜன்னலோரத்தில் ஒரு பெரிய மனிதர் தம் பக்கத்தில் பையை வைத்து இடம் போட்டிருந்தார். குருவம்மாள் அந்தப் பையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

"ஏழு மாசப் புள்ளத்தாச்சி நிக்கா. உங்க பை உக்காந்து வருதாக்கும்" என்றாள்.

பெரிய மனிதர் பையோடு எழுந்து பின்னால் போய்விட்டார். சத்யப்பிரியா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தாள். அத்தையோடு வெளியே வந்தால் இப்படி நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏதாவது நடக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

சத்யப்பிரியாவுக்கு இது இரண்டாவது கர்ப்பம். முதல் பிள்ளை ஏழாவது மாதத்தில், ரத்த அழுத்தம் ஏறி, இவளுக்கு வலிப்பு வந்து, உயிரோடு கைக்கு வராமலே போனது. அதனால் இந்தத் தடவை மூன்றாம் மாதத்திலிருந்தே மிஷன் ஆஸ்பத்திரி ஷெரின் டாக்டரம்மாவிடம் காட்டி வருகிறார்கள். போன வாரம் காலில் நீர் கோத்து மெட்டி இறுகியதும், டாக்டரம்மா ரத்தம் எடுத்து அனுப்பியதும் நமக்குத் தெரியும். அதன் ரிசல்ட்டைப் பார்க்கத்தான் இன்று இந்தப் பயணம். சத்யாவின் புருஷன் சூர்யபிரகாஷ் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தீபாவளி வரை லீவு கிடையாது என்று நேற்றுக்கூட போனில் சொன்னான்.

குருவம்மாள் பஸ்ஸை விட்டு ஒரே எட்டில் இறங்கினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே படியில் இறங்க அவளை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. வேல்சாமி வைத்தியர் கொடுத்த தைலம்தான் முட்டியை இப்படித் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லி, நாலைந்து பேரை அந்த வைத்தியரிடம் அனுப்பியும் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் பிரஷர் பார்த்தார்கள். நர்ஸ் அன்னாள் ஒரு தடவை பார்த்தாள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தாள். பிறகு சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினாள்.

ஷெரின் டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. பிரஷர் நூற்றைம்பது, நூறு. பிள்ளையின் வளர்ச்சி மாதத்துக்குத் தக்க இல்லை, இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறது. இன்றைக்கே படுக்க வைக்க வேண்டும் என்றார். அப்புறம் ரத்த ரிசல்ட்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"அந்த வைட்டமின் டி பொடி, வாரம் ஒண்ணு எழுதிக் குடுத்தேனே, ஒழுங்கா குடிச்சாங்களா?"

குருவம்மாளுக்கு இப்படிக் கேட்டதே பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தானே கேட்டு, காலிப் பாக்கெட்டை வாங்கி, அரிசி டின் மேல் சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் மஞ்சப் பையிலிருந்து எட்டுக் காலிப் பாக்கெட்டையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள்.

டாக்டரம்மா பாக்கெட்டுகளைப் பார்த்தார். சத்யாவைப் பார்த்தார். சத்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ரத்தத்துல அந்தச் சத்து ஏழு இருந்துச்சு. எட்டுப் பாக்கெட் குடிச்சிருந்தா இந்நேரம் முப்பது பக்கத்துலயாவது வந்திருக்கணும். இப்ப எட்டு இருக்கு" என்றார்.

அது வெறும் எலும்புச் சத்து என்றுதான் குருவம்மாள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்தச் சத்து குறைந்த தாய்மாரிடம் பிரஷரும் சர்க்கரையும் எடை குறைந்த பிள்ளையும் அதிகமாகப் பார்க்கிறார்களாம். இது ஒன்றால்தான் பிரஷர் ஏறியது என்று அடித்துச் சொல்லவும் முடியாதாம். ஏற்கெனவே ஒரு தடவை ஏறின உடம்பு, இருக்கிற பாரத்தோடு இதுவும் சேர வேண்டாம் என்றுதான் எழுதிக் கொடுத்தாராம். பதினோரு மணி வெயிலில் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னேனே, அதுவாவது நடந்ததா என்று கேட்டார்.

"உச்சிப் பொழுதுல நான் இவள வாசப்படி தாண்ட விடுறதில்ல டாக்டரம்மா" என்றாள் குருவம்மாள் பெருமையாக. "மொதப் புள்ளய அப்படித்தான் காத்துக் கருப்புக்குக் குடுத்தோம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

கூடவே வந்து நின்றிருந்த அன்னாள் நல்ல மனசோடுதான் கேட்டாள், இத்தனை வெயில் அடிக்கிற ஊரில் இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி வெயில் கிடைக்காமல் போயிற்று என்று. குருவம்மாளுக்கு வந்ததே கோபம். மில்லைப் பிடித்துக்கொண்டாள். ராஜபாளையத்து நூல் மில்லுக்குச் சத்யா பதினெட்டு வயதில் போனவள். விடிவதற்கு முன்னால் வேன் வந்து தூக்கிக்கொண்டு போகும். நூல் அறுந்துவிடும் என்று உள்ளே ஒரு ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். ஓ.டி. முடிந்து திரும்பும்போது தெருவிளக்கு எரியும். கல்யாணத்துக்கு முந்தி நாலு வருஷம், பிந்தி ஒன்றரை வருஷம், டியூப்லைட்டுக்குக் கீழே வெளுத்துப்போன உடம்பு இது. கலெக்டராகிலும் மந்திரியாகிலும் ஒருத்தராவது போய்க் கேட்டார்களா என்று குருவம்மாள் கேட்ட கேள்வி வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது. இரண்டு பெண்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களும் மில்லுக்குப் போகிறவர்கள்தான்.

படுக்கை தயாராகும் வரை சத்யாவை வராண்டா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். குருவம்மாளால் உட்கார முடியவில்லை. எட்டுப் பாக்கெட் குடித்தும் சத்து ஏறவில்லை என்றால் என்ன அர்த்தம்? பொடி போலி என்று அர்த்தம். எட்டுப் பாக்கெட்டையும் அள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த ஆவுடையப்பன் மெடிக்கலுக்குப் போனாள்.

ஆவுடையப்பன் அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். அவர் முகத்துக்கு நேரே குருவம்மாள் காலிப் பாக்கெட்டுகளைக் கண்ணாடி மேல் கொட்டினாள்.

"சீனிப் பொடிய அடைச்சு வித்திருக்கீரே, உமக்கும் பொட்டப்புள்ளைக இருக்குல்லா?"

அவர் பாக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார். கம்பெனி சரக்குதான், பில் இருக்கிறது, இதே பொடியை எத்தனையோ பேர் வாங்கிப் போகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். குருவம்மாள் விட்டால்தானே. கூட்டம் கூடிவிட்டது. ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் இன்னும் ஏறியது. போன பிள்ளைக்கு ஒரு நியாயம் கிடைக்கவில்லை, இந்தப் பிள்ளைக்காவது நான் கேட்டே தீருவேன் என்றாள். புள்ளத்தாச்சி வயிற்றில் அடித்த கடை விளங்காது என்றாள். இந்த வார்த்தைக்கு ஆவுடையப்பனின் முகம் செத்துப்போயிற்று. பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டத் தொடங்கினார்.

சத்யா ரோட்டைத் தாண்டி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. வீங்கிய காலோடு மெல்ல வந்து, கூட்டத்தை விலக்கி, அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தே, அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க. பொடி நல்ல பொடிதான்."

"நீ சும்மா இருட்டி."

"நான் அதக் குடிக்கல அத்தே. நீங்கதான் குடிச்சீங்க."

குருவம்மாளுக்கு முதலில் விளங்கவே இல்லை. சத்யா குரலை உயர்த்தாமல் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பனங்கற்கண்டு போட்டு அத்தைக்குக் கொடுக்கிற பாலில் அந்தப் பொடியைக் கலக்கித்தான் கொடுத்தாளாம். எட்டு வாரமும். எலும்புக்கு நல்லது என்று டாக்டரம்மா சொன்னது அவள் காதில் விழுந்திருந்ததாம்.

ஓர் ஆட்டோக்காரன் சிரித்துவிட்டான். மற்ற நாளாக இருந்தால் அவன் குடும்பத்தோடு ஊரைக் காலி பண்ணியிருக்க வேண்டியதுதான். குருவம்மாள் அன்று கண்ணாடி மேல் கிடந்த காலிப் பாக்கெட்டுகளைப் பொறுக்கி மஞ்சப் பைக்குள் போட்டாள். எட்டு வாரம் அந்தப் பாலை ருசித்துக் குடித்துவிட்டு, மருமகளைப் போல உண்டா என்று தெருவில் பீற்றிக்கொண்டதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

ஆவுடையப்பன் உள்ளேயிருந்து ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார்.

"மொதல்ல அந்தப் புள்ளய உக்கார வைங்கம்மா. சண்டைய பொறவு போட்டுக்கிடலாம்" என்றார்.

பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். அன்னாள் ஊசி போட்டாள், இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னாள், குருவம்மாளைத் தனியே அழைத்துப் பேசினாள். பிரஷர் இன்னும் ஏறினால் மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். பிள்ளையை முன்கூட்டியே எடுக்கவும் நேரும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம். ஆகவே சத்தம், அழுகை, பதட்டம் எதுவும் ஆகாது.

"நல்ல சேதியா மட்டும் சொல்லுங்கம்மா அவங்ககிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டரம்மா மறுபடியும் அதே பொடியை எழுதிக் கொடுத்திருந்தார். குருவம்மாள் அதே கடைக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணாடி முன்னால் போய் நின்று, சீட்டை நீட்டி, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நாங் கூறுகெட்டுப் பேசிட்டேன் அண்ணாச்சி" என்றாள். ஆவுடையப்பன் பொடியைக் கவரில் போட்டு, இந்தத் தடவை யார் குடிக்க வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

பாலில் கலக்கி, டம்ளரை மருமகள் வாயில் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடிக்க வைத்துவிட்டுத்தான் குருவம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மெதுவாகப் பேச வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் ஆற்றாமை தாங்கவில்லை.

"ஏட்டி, என் முட்டி போனா போவுது. கட்டையில போற வயசு. உன் வயித்துல இருக்கதவிட என் முட்டியா ஒனக்குப் பெருசாப் போச்சு? எம் மேல அம்புட்டுப் பாசமாக்கும்?"



"பாசமெல்லாம் இல்ல அத்தே" என்றாள் சத்யா. "சமுத்திரம் அண்ணன் வந்திருந்தப்ப நான் அடுப்படியிலதான் இருந்தேன்."

குருவம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை.

சமுத்திரம் அதே மில்லுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவன், பக்கத்துத் தெருக்காரன். இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்து, மருமகள் எப்போது வேலைக்கு வருவாள் என்று கேட்டான். அன்றைக்கு முட்டி வீங்கிச் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள் குருவம்மாள். என் கால் இனிமேல் காடு கரைக்கு ஆகாது, பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்து இவளை அனுப்பி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்த கையோடு மறந்தும் போனாள். தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. காலையில் டாக்டரம்மா அறையில் மில்லை அந்த வாங்கு வாங்கியபோதுகூட இது அவள் நினைவுக்கு வரவில்லை.

"உங்க முட்டி சரியாயிட்டா நீங்க வேலைக்குப் போவீங்க. நீங்க போனா என்னய அனுப்ப மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் சத்யா. "எனக்கு வேற என்ன தெரியும்? வீட்டுல இருந்த மருந்து அது ஒண்ணுதான். இது எலும்புக்குத்தான், வயித்துல இருக்கதுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லாட்டி."

"போன தடவ சொன்னேனே அத்தே."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. போன தடவை ஐந்தாம் மாதத்தில், தலை சுற்றுகிறது, மிஷின் முன்னால் நிற்க முடியவில்லை, வேலையிலிருந்து நின்றுகொள்ளட்டுமா என்று இந்தப் பெண் கேட்டாள். ஊரில் எல்லா பொம்பளைகளும் பிள்ளைத்தாய்ச்சியாக வேலைக்குப் போகவில்லையா, நான் எட்டாம் மாதத்தில் மிளகாய் பறிக்கப் போனவள் என்று குருவம்மாள் பதில் சொன்னாள். அடுத்த ஒன்றரை மாதம் கழித்துத்தான் அந்த வலிப்பு வந்தது.

மில்லைத் திட்டியாயிற்று. மருந்துக்கடையைத் திட்டியாயிற்று. காத்துக் கருப்பைக்கூட விடவில்லை. இந்த ஐம்பத்திரண்டு வயதில் அவள் வாயில் விழாத ஆள் தான் ஒருத்திதான் என்பது குருவம்மாளுக்கு அந்தக் கட்டில் ஓரத்தில்தான் உறைத்தது. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. சத்தம் ஆகாது என்றதால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்தாள். "செத்த நேரம் கண்ண மூடு. நான் சமுத்திரத்துக்கிட்ட பேசிட்டு வாரேன். ஒன்னய யாரும் எங்கயும் அனுப்பப் போறதில்ல" என்றாள்.

சத்யா நம்பினாளா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை.

வராண்டாவில் நின்று போன் போட்டாள். மருமகள் இனி மில்லுக்கு வர மாட்டாள், நான் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் சமுத்திரம் கேட்டான்.

"என்னக்கா இப்படிச் சொல்லுதீய. முந்தாநாள்தான சூர்யபிரகாஷ் ராஜபாளையத்துக்கு நேர்லயே வந்தான். சத்யா ஆதார், போட்டோ எல்லாம் குடுத்து, புள்ள பொறந்து நாப்பத்தஞ்சாம் நாள் அனுப்புறேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான். ஒங்களுக்குத் தெரியாதா?"

குருவம்மாளுக்குத் தெரியாது. முந்தாநாள் அவன் திருப்பூரில் இருந்ததாகத்தான் அவளுக்குத் தெரியும். ராஜபாளையத்திலிருந்து மம்சாபுரம் எத்தனை தூரம்? அத்தனை தூரம் வந்தவன், மாசமாக இருக்கிற பெண்டாட்டியை எட்டிப் பார்க்காமல் திரும்பிப் போயிருக்கிறான். நேற்று போனில் லீவே இல்லை என்று கூசாமல் சொல்லியிருக்கிறான். சொந்த மகனை அந்த வராண்டாவிலேயே நிற்க வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது. நாப்பத்தஞ்சு நாள். தான்கூட மூன்று மாதம் என்றுதான் சொன்னாள்.

உள்ளே அன்னாள் சத்யாவின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். குருவம்மாள் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"என்ன சொன்னாரு அத்தே?"

"சரின்னுட்டான். இனி அந்தப் பேச்சே கிடையாதுன்னுட்டான்" என்றாள் குருவம்மாள். சிரிக்கவும் செய்தாள்.

சத்யா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணில் நீர் வழிய, அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்த இரண்டரை வருஷத்தில் அவள் தானாக வந்து பிடித்தது அதுதான் முதல் தடவை.

"நூத்தி நாப்பத்திரண்டு, தொண்ணூறு. கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றாள் அன்னாள். "இப்படியே நிம்மதியா வச்சுக்கிடுங்க."

மஞ்சப் பைக்குள் போன் அடித்தது. குருவம்மாள் எடுத்துப் பார்த்தாள். சூர்யபிரகாஷ்.

"அவியளா?" சத்யா தலையணையிலிருந்து லேசாக எழும்பினாள். முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி வந்திருந்தது. "குடுங்க அத்தே, நானே சொல்லுதேன். மில்லுக்குப் போக வேண்டாம்னு நீங்க சொல்லிட்டீங்கன்னு அவிய கேட்டா எம்புட்டு சந்தோசப்படுவாவ."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிரஷர் பட்டை இன்னும் சத்யாவின் கையில்தான் இருந்தது. இன்னொரு கையை அவள் போனுக்காக நீட்டினாள்.